சீலுக்கு என்ன தாகம்

"அடுத்த சீல் போச்சுன்னா நீயும் போயிடணும்மா" என்று முதலாளி ஜெகநாதன் ஆஸ்மாவிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவர் யாரையும் முறைத்து வேலையை விட்டு அனுப்பியது கிடையாது. சிரித்தே அனுப்பிய வகையில் சில மேற்பார்வையாளர்கள், ஒரு வெல்டர், சொந்த மச்சான் ஒருவர்.

சீல் என்றதும் அதிகாரிகள் வந்து கேட்டில் பூட்டுப் போட்டு அரக்கு வைக்கிற சீல் என்று நினைத்துவிடக் கூடாது. கல் உடைக்கிற வட்டாரத்தில் அந்தச் சீலைச் சமாளிக்கத் தனி ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் வேலை ஒருநாளும் போவதில்லை. இது பம்பு சீல்.

ஜெகநாதனின் எம்-சாண்ட் பிளாண்ட் திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டு போகிற ரோட்டின் ஓரத்தில் இருக்கிறது. கல்லை உடைத்து, அரைத்து, மணலாக்கி, கழுவி விற்கிறார்கள். கழுவும்போது வருகிற கல்மாவுத் தண்ணீருக்குப் பிளாண்டில் கூழ் என்று பெயர். ஆடி மாதம் அம்மன் கோயில்களில் ஊற்றுகிற கூழின் அதே கெட்டி. குடித்தால் மட்டும் வித்தியாசம் தெரியும். இதை மேலே ஏற்றுவதற்கு ஒரு பெரிய பம்பு இருக்கிறது. பம்பின் வயிற்றுக்குள் ஒரு சக்கரம் சுழல்கிறது. அதைச் சுழற்றுகிற இரும்புத் தண்டு பம்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து மோட்டாரோடு சேர்கிறது. தண்டு வெளியே வருகிற ஓட்டையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் சீல். இரண்டு வளையங்கள். ஒன்று சுழலும், ஒன்று சும்மா இருக்கும். இரண்டின் முகத்தையும் கண்ணாடி மாதிரி தேய்த்து வைத்திருப்பார்கள். நடுவில் தலைமுடி நுழையாது.

கல்மாவு நுழையும். நுழைந்தால் கண்ணில் மண் விழுந்தவன் கண்ணைக் கசக்குகிற மாதிரிதான், சுற்றச் சுற்றக் கெடும். அதனால் சீலுக்குப் பக்கத்தில் அரை இஞ்ச் குழாய் ஒன்றில் போர்வெல் தண்ணீர் வந்து விழுந்துகொண்டே இருக்க வேண்டும். உள்ளே இருக்கிற கூழ் எவ்வளவு தள்ளுகிறதோ அதைவிடக் கொஞ்சம் பலமாக இந்த நல்ல தண்ணீர் தள்ள வேண்டும். அப்போது கூழ் சீல் பக்கம் எட்டிப் பார்க்காது. விஷயம் அவ்வளவுதான். ஆஸ்மா இதை ஜெகநாதனுக்குப் பல விதமாக விளக்கியிருக்கிறாள். ஒருமுறை நன்றாகத் தலையாட்டினார். காதில் போன் மாட்டியிருந்தது பிறகுதான் தெரிந்தது.

ஆஸ்மா அரக்கோணத்துக்காரி. மெக்கானிக்கல் டிப்ளமோ. படித்து முடித்து ஏறி இறங்கிய கம்பெனிகளில் எல்லாம் அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரச் சொன்னார்கள். ஒரு கம்பெனியில் வாசலில் கோலம் போடத் தெரியுமா என்று கேட்டார்கள். ஜெகநாதன் ஒருவர்தான் ஸ்பேனரைக் கையில் கொடுத்து, பிளாண்டின் மெயின்டெனன்ஸ் முழுவதையும் அவள் பொறுப்பில் விட்டார். பெண் என்றால் பீடி பிடிக்க அடிக்கடி வெளியே போக மாட்டாள் என்பது அவருடைய தொலைநோக்கு. காரணம் எதுவானாலும் ஸ்பேனர் அவள் கையில் இருந்தது. அதைக் கீழே விட அவளுக்கு மனசில்லை.

ஏற்கெனவே இரண்டு சீல் போயிருந்தன. முதலாவது, "தண்ணி சும்மா ஓடிகினு கீதே" என்று மேனேஜர் குணசேகரன் அந்த அரை இஞ்ச் குழாயை மூடியதால் போனது. இரண்டாவது, அதே குழாயைக் கழற்றி அவர் தன் காரைக் கழுவியதால் போனது. இரண்டுக்கும் மெயின்டெனன்ஸ் சரியில்லை என்று ஆபீஸில் முடிவாயிற்று. காரின் மெயின்டெனன்ஸ் நன்றாக இருந்தது.

ஆடிக் கிருத்திகை நெருங்கும்போது குணசேகரன் இரண்டு பிளம்பர்களோடு போர் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா சார் நடக்குது இங்க?"

"டீ போடறோம் மேடம்."

யாரோ டீ போடுகிறார்கள் என்று ஆஸ்மா ஒரு கணம் சும்மா இருந்துவிட்டாள். பிளம்பர் கையில் மூன்று வாய் உள்ள பிளாஸ்டிக் இணைப்பு ஒன்றைப் பார்த்த பிறகுதான் எந்த டீ என்று புரிந்தது. சீலுக்குப் போகிற குழாயை நடுவில் அறுத்து, அந்த டீயை மாட்டி, ஒரு கிளையைக் கேட் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இது சீல் தண்ணி சார்."

"தெரியும் மேடம். கிருத்திகைக்கு நடந்து வர்ற ஜனத்துக்கு மொதலாளி தண்ணிப் பந்தல் வெக்கறாரு. கேட்டாண்ட பெரிய தொட்டி."

"வெக்கட்டும். நல்ல காரியம். டேங்கர் சொல்லி ஊத்துங்க."

"டேங்கர் தண்ணி உப்பு கரிக்கும். போர் தண்ணி இனிக்குது. நீங்க ஒரு வாய் குடிச்சிப் பாருங்க."

ஆஸ்மா ஆபீஸ் ரூமுக்குப் போனாள். ஜெகநாதன் பந்தலுக்கான ஃபிளெக்ஸில் தன்னுடைய முகம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று போனில் விவாதித்துக்கொண்டிருந்தார். முருகன் நடுவில் என்பதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை. அளவில்தான் கொஞ்சம் இழுபறி.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் போனை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"பாரும்மா. நடந்து வர்றவனுக்குத் தாகம். சீலுக்கு இன்னா தாகம்?"

சொல்லி முடித்ததும் அந்த வாக்கியம் அவருக்கே பிடித்துவிட்டது. போனை நிமிர்த்தி ஃபிளெக்ஸ்காரனுக்கும் ஒருமுறை சொன்னார்.

"அப்ப கிருத்திகை அன்னிக்குப் பிளாண்ட நிறுத்திடுங்க சார்."

"லோடு கீதும்மா. ரோடு காண்ட்ராக்ட்காரன் லாரி வருது."

"சரி. ஓட்டுறதா இருந்தா போர் மோட்டாரையும் ஜெனரேட்டர்ல போடுங்க. அன்னிக்கு ஊரு பூரா சீரியல் லைட்டு எரியும். ஈ.பி. வோல்ட்டேஜ் எறங்கி போர் நின்னுடும். கூழு பம்பு மட்டும் ஜெனரேட்டர்ல ஓடிகினே இருக்கும்."

"ஜெனரேட்டர்ல மைக் செட்டு போட்டாச்சே."

"மைக் செட்ட ஈ.பி.ல போடுங்க."

"ஈ.பி. போயிட்டா மைக் நின்னுடும்மா."

தர்க்கம் என்று பார்த்தால் அவர் சொன்னதில் குறையே கிடையாது.

"சார், ஒண்ணு மட்டும் நல்லா கேட்டுக்குங்க" என்றாள். "போர் நின்னா இந்தக் குழாயில நல்ல தண்ணி தள்ளாது. அப்ப உள்ள கீற கூழு வெளிய தள்ளும். சீலத் தின்னுட்டு, இதே குழாயில பின்னால ஏறி, நீங்க போட்ட டீ வழியா பந்தல் தொட்டிக்குப் போவும். ஜனம் அதத்தான் குடிக்கும். அது கூடாதுன்னா நடுவுல ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போடணும். தண்ணிய ஒரு பக்கம்தான் போவ விடும். திரும்பி வர விடாது."

"அவ்ளோதான? இதுக்கா இவ்ளோ பேச்சு? குணசேகரா, மேடம் கேக்கறத வாங்கிக் குடு."

அன்றிலிருந்து ஆஸ்மா தினமும் கேட்டாள். குணசேகரன் தினமும் "வந்துகினு கீது மேடம்" என்றார். கிருத்திகை அன்று காலையில் வால்வை மாட்டுவதற்காக அவள் பஸ் கிடைக்காமல், அரக்கோணத்திலிருந்து பால் வண்டியில் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தாள். குணசேகரன் புது வேட்டியில், நெற்றி நிறைய விபூதியோடு இருந்தார்.

"வால்வு எங்க சார்?"

"அத நிறுத்தி வெச்சிட்டேன் மேடம்."

"நிறுத்தியா?"

"நீங்க எழுதிக் குடுத்த பேர நான் நல்லா படிச்சிப் பாத்தேன். நான் ரிட்டர்ன்னு பேர்லயே போட்டுக்கிறான். டேமேஜ் பீஸா இருந்தா எவன் திருப்பி எடுப்பான்? ரிட்டர்ன் எடுக்காத கடையில பஞ்சு மிட்டாய்கூட வாங்கக் கூடாதுன்னு மொதலாளி ஸ்ட்ரிக்டா சொல்லிக்கிறாரு. ரிட்டர்ன் எடுக்கறவன் எவனாவது கீறானான்னு அரக்கோணம் வரைக்கும் போன் போட்டுக் கேட்டேன். எல்லாக் கடையிலயும் நான் ரிட்டர்ன்தான் கீதாம்."

ஆஸ்மா அவரைப் பார்த்தாள்.

"சார். தண்ணி ரிட்டர்ன் ஆவாது. அதான் பேரு. கடைக்காரன் இல்ல, தண்ணி."

குணசேகரன் பி.காம். ஆங்கிலம் தெரிந்தவர்.

"அப்ப ஒன் வேன்னு எழுதியிருக்கணும்" என்றார். "தப்பு உங்க பேர்லதான் மேடம். சரி வுடுங்க, இன்னிக்குக் கடையும் இல்ல."

அவள் நேராகப் பம்பு ரூமுக்குப் போய் ஸ்டார்ட்டர் பெட்டியை மூடி, அதன் முன்னால் நின்றுகொண்டாள். ஜெகநாதனே வந்தார். பட்டு வேட்டி, மஞ்சள் துண்டு.

"இன்னிக்கு உனக்கு இங்க வேல இல்லம்மா. பந்தல்ல நிக்கற."

"நான் எதுக்கு சார் பந்தல்ல?"

"போட்டோக்காரன் வந்துக்கிறான். நீ தண்ணி ஊத்தற மாதிரி நாலு போட்டோ. மத நல்லிணக்கம்மா, நல்லிணக்கம். அந்தத் துப்பட்டாவ நல்லா தலைய சுத்தி இழுத்து வுட்டுக்கோ. போட்டோல பளிச்சின்னு தெரியணும்."

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் இதே துப்பட்டாவை மெஷினில் மாட்டிக்கொள்ளும் என்று சொல்லி வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்னவரும் இவர்தான். அவள் அதைக் கழுத்தோடு இறுக்கிக் கட்டி, ஓவர்கோட்டுக்குள் செருகிக்கொண்டு இவ்வளவு காலம் வேலை பார்த்தாள். யாரும் போட்டோ எடுக்கவில்லை.

"பம்ப யாரு பாத்துக்கறது? துளசிங்கம் காவடி எடுக்கப் போய்ட்டாரு." துளசிங்கம் பம்பு ஓட்டுகிறவர்.

"குணசேகரன் பாத்துக்குவான். நீ வர்றியா, இல்ல..." என்று ஜெகநாதன் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு என்ன சிரிப்பு என்று அவளுக்குத் தெரியும். குணசேகரனைக் கூப்பிட்டுக் குழாயில் இருந்த அழுத்த மீட்டரைக் காட்டினாள்.

"இந்த முள்ளப் பாருங்க சார். இந்தச் செகப்புக் கோட்டுக்குக் கீழ வந்தா உடனே பம்ப நிறுத்தணும். இதான் நிறுத்தற பட்டன். செகப்புக்குச் செகப்பு. அவ்ளோதான்."

"மொதலாளி சொல்லாம நான் எதயும் நிறுத்த மாட்டேன் மேடம். அது எனக்குப் பழக்கம் இல்ல."

பந்தலில் கூட்டம் நிறைந்திருந்தது. பூக்காவடிகள், மஞ்சள் புடவைகள், வெறுங்கால்கள். எல்லை தாண்டி நகரி, புத்தூர் பக்கமிருந்து வருகிறவர்கள் தெலுங்கில் தண்ணீர் கேட்டார்கள். பள்ளிப்பட்டுக்காரர்கள் ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழியிலும் கேட்டார்கள். ஆஸ்மா டம்ளர் டம்ளராகப் பிடித்துக் கொடுத்தாள். ரோட்டின் சூட்டில் நடந்து வந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்கள். வாங்கியவர்களில் ஒருவரும் அவள் தலையைப் பார்க்கவில்லை, டம்ளரைத்தான் பார்த்தார்கள். காலையிலிருந்து இருந்த கோபம் கொஞ்சம் அடங்குகிற மாதிரிகூட இருந்தது. போட்டோக்காரன்தான் "அக்கா, லைட்டா சிரிங்க" என்று கெடுத்தான்.

ஜெகநாதன் பந்தல் மேடையில் மைக்கோடு இருந்தார். தன்னுடைய சேவையைத் தானே வர்ணிப்பது சிரமமான வேலை. அவர் அதைத் தளராமல் செய்தார்.

அப்போது தொட்டியில் வந்து விழுகிற குழாய் இருமியது. இரண்டு முறை காற்றைத் துப்பியது. பிறகு தண்ணீர் வெளுப்பாக வந்தது. வெளுப்பு சாம்பலாயிற்று.

போர் நின்றுவிட்டது. கூழ் ஏறி வந்துகொண்டிருக்கிறது. இந்த நிமிஷம் பம்பு ரூமில் அந்தக் கண்ணாடி வளையங்களுக்கு நடுவில் கல்மாவு அரைபட்டுக்கொண்டிருக்கிறது. ஆஸ்மா போனை எடுத்தாள்.

"சார், முள்ளு எங்க கீது?"

"முள்ளா? படுத்துகினு கீது மேடம்" என்றார் குணசேகரன். பின்னால் பம்பு கத்துகிற சத்தம் கேட்டது.

"நிறுத்துங்க."

"மொதலாளிகிட்ட ஒரு வார்த்த..."

"அவரு மைக்ல கீறாரு சார்."

"அப்ப மைக்லயே சொல்லச் சொல்லுங்க. எனக்கு இங்க வரைக்கும் நல்லா கேக்குது."

பம்பு ரூம் மணல் குவியல்களைத் தாண்டிப் பிளாண்டின் அந்தக் கோடியில் இருந்தது. இப்போதே ஓடினால் சீல் தப்பிக்கலாம். சீல் தப்பினால் வேலை தப்பும். அவள் திரும்பினாள். அதற்குள் வரிசையில் நின்ற ஒரு பெரியவர் டம்ளரை வெயிலில் தூக்கிப் பார்த்து, பக்கத்தில் இருந்தவரிடம், "விபூதி கரைச்சி ஊத்தறாங்க போலகீது" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. முருகன் மலைக்குப் போகிற வழியில், கிருத்திகை அன்று, சாம்பல் நிறத்தில் தண்ணீர் வந்தால் வேறு என்ன நினைக்க முடியும்.

அது ஜெகநாதன் காதில் விழுந்தது. கையில் மைக் இருக்கும்போது தெரியாது என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

"ஆங், விபூதித் தீர்த்தம்" என்றார். "பக்த கோடிகள் எல்லாரும் வாங்கிக்கலாம். வூட்டுக்கும் கொண்டு போலாம். தள்ளாதீங்க, எல்லாருக்கும் கீது."

தள்ளினார்கள். பாட்டில்கள் வந்தன, தூக்குச் சட்டிகள் வந்தன. ஒரு தாய் இடுப்புக் குழந்தையின் வாயில் டம்ளரைச் சாய்த்தாள். ஆஸ்மா பம்பு ரூம் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு அந்த டம்ளரைப் பிடுங்கித் தரையில் ஊற்றினாள். "வேணாம்கா, குடுக்காத" என்று சொல்லிக்கொண்டே குழாயை மூடினாள். தொட்டிக்கு நாலு குழாய். ஒன்றை மூடினால் இன்னொன்றை யாரோ திறந்தார்கள். அவள் தொட்டிக்குப் பின்னால் போய், ஓவர்கோட் பையிலிருந்த ஸ்பேனரை எடுத்து, அடியில் இருந்த மூடியைத் திருகிக் கழற்றினாள். தொட்டித் தண்ணீர் மொத்தமும் ரோட்டில் விழுந்து ஓடியது.

கூச்சல் எழுந்தது. தீர்த்தத்தைக் கொட்டுகிறாளே என்றார்கள். ஒருவர் அவள் கையைப் பிடித்தார். ஜெகநாதன் மைக்கை வாயை விட்டு எடுக்காமலே பேசினார்.

"இன்னாம்மா பண்ற நீ? இது சாமி காரியம். உங்களுக்குப் புடிக்கலன்னா ஓரமா ஒதுங்கி நிக்கணும்."

நீ என்று ஆரம்பித்தவர் உங்களுக்கு என்று முடித்தார். அது மரியாதை இல்லை. அந்த உங்களில் எத்தனை பேர் என்று கூட்டத்துக்குப் புரிந்தது. முதல்முறையாக எல்லாரும் அவள் துப்பட்டாவைப் பார்த்தார்கள். கையைப் பிடித்திருந்தவர் பிடியைச் சற்று இறுக்கினார்.

ஆஸ்மா கையை உதறிக்கொண்டு, தொட்டியில் கடைசியாக வடிந்ததை ஒரு பித்தளைச் சொம்பில் பிடித்தாள். நேராக மேடைக்கு ஏறினாள்.

"குடிங்க சார்."

"இன்னாது?"

"தீர்த்தம். நீங்கதான சொன்னீங்க. மொதல்ல நீங்க குடிங்க. அப்புறம் நான் ஒதுங்கிக்கறேன்."

மைக் இதையும் ரோட்டின் இரண்டு பக்கமும் ஒலிபரப்பியது. கூட்டம் அவரைப் பார்த்தது. காவடிகள் ஆடாமல் நின்றன. ஜெகநாதனுக்கு வேறு வழி இல்லை. அரோகரா என்று சொல்லி, சொம்பைத் தூக்கிக் கவிழ்த்துக்கொண்டார். இன்னொரு கையில் மைக், வாய்க்குப் பக்கத்திலேயே.

அவர் முகம் மாறாமல்தான் விழுங்கினார். அதற்காகப் பாராட்ட வேண்டும். ஆனால் விழுங்கி முடித்ததும் பல்லோடு பல் ஒருமுறை சேர்ந்தது. ஜெனரேட்டரில் ஓடுகிற நல்ல மைக் செட். கம்பத்துக்குக் கம்பம் கட்டியிருந்த ஸ்பீக்கர்களில், நற நற நற என்று, முதலாளி வாயில் கருங்கல் அரைபடுகிற சத்தம் பள்ளிப்பட்டு ரோடு நெடுகக் கேட்டது.

"தித்திக்குது" என்றார் ஜெகநாதன். நற.

வரிசையில் மஞ்சள் புடவையில் பால்குடத்தோடு நின்ற ஒருத்தி ரோட்டோரம் காறித் துப்பினாள். மணியம்மை என்று பெயர், அம்மையார்குப்பத்துக்காரி, சித்தாள் வேலை செய்கிறவள் என்பதெல்லாம் அவள் போட்ட சத்தத்திலேயே ஊருக்குத் தெரிந்தது.

"இன்னாய்யா தித்திக்குது? இது எம்-சாண்டு டஸ்ட்டு. வருசம் பூரா இந்த மணியம்மை இதத்தான் தலைல சொமக்கறா. வேண்டுதல்ல வந்தாலும் இதயேவா குடிக்கணும்? அம்மையார்குப்பத்துலேந்து நடந்து வர்றேன்யா நானு." பிறகு ஆஸ்மாவின் கையைப் பிடித்திருந்த ஆளிடம் திரும்பினாள். "நீ எதுக்குய்யா அந்தப் பொண்ணு கையப் புடிச்ச? உன் வாய்ல இன்னா, கல்யாண சாப்பாடா கீது? துப்பு மொதல்ல."

அவர் துப்பினார். எல்லாரும் துப்பினார்கள். சேகரித்த பாட்டில்கள் எல்லாம் ஃபிளெக்ஸின் மேல் கவிழ்ந்தன. யாரும் குறி பார்க்கவில்லை, ஜெகநாதன் முகம்தான் பெரிதாக இருந்தது. வாய் கொப்பளிக்க நல்ல தண்ணீர் கேட்டார்கள். எதிர்க்கடைக்காரர் கேன்களைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஜெகநாதன் மைக்கை ஆஃப் செய்கிற பட்டனைத் தேடினார். இத்தனை வருஷத்தில் அவருக்கு அது தேவைப்பட்டதில்லை.

ஆஸ்மா அதையெல்லாம் நின்று பார்க்கவில்லை. பம்பு ரூமுக்கு ஓடினாள். சீல் இருந்த இடத்திலிருந்து கூழ் விசிறியாகப் பீய்ச்சி அடித்துக்கொண்டிருந்தது. குணசேகரன் நெற்றியிலிருந்து வேட்டி வரை ஒரே சாம்பலாக, அனுமதிக்காகக் காத்துக்கொண்டு நின்றார். அவள் அவரைத் தாண்டிப் போய்ச் சிவப்புப் பட்டனைக் கையால் அழுத்தாமல் ஸ்பேனரின் பின்பக்கத்தால் இடித்தாள். பம்பு நின்றது. பட்டன் உள்ளேயே தங்கிவிட்டது.

சாயங்காலம் அவள் சீலைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனாள். கண்ணாடி மாதிரி இருந்த அதன் முகம் முழுக்க வட்ட வட்டமாகக் கோடுகள். ஜெகநாதன் வாயில் ஐஸ் துண்டை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே மணல் ஏற்ற வந்த லாரிகள் கேட்டிலிருந்து ரோடு வரை நின்றன. டிரைவர்கள் ஆரன் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சரக்கு மட்டம்னு சொல்லு" என்றார். "சீல் கம்பெனிக்காரன் மேல போட்டுடலாம். உன் வேலையும் நிக்கும்."

"சீல் நல்ல சீல் சார். மட்டம் நாம."

"அப்ப சொன்ன சொல்லு சொன்னதுதான். சீல் போச்சு, நீயும் போ."

"சரி சார்."

"ஸ்டோர்ல இன்னொரு சீல் கீது. அத மாட்டிட்டுப் போ."

ஆஸ்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"வேலையில இல்லாதவ பம்புல கை வெக்கக் கூடாது சார். குணசேகரன் சார மாட்டச் சொல்லுங்க. ரிட்டர்ன் எடுப்பாங்களான்னு கேட்டுட்டு மாட்டுவாரு."

வெளியே ஆரன் சத்தம் கூடியது. ஜெகநாதன் ஐஸை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார்.

"கோவப்படாதம்மா. இது இன்னா ஊரு? முருகனே சண்டையெல்லாம் முடிஞ்சி கோவத்த எறக்கி வெச்சிட்டு வந்து உக்காந்த மலை. உனக்கு மட்டும் இன்னா?"

"அவரு ஜெயிச்சிட்டு வந்து உக்காந்தாரு சார். எனக்கு இன்னும் சண்டையே முடியல."

"சரி, நாளைக்கு வரைக்கும் வேலையில இரு."

"நாளைக்கு வரைக்கும்னா சீலும் நாளைக்கு வரைக்கும்தான் நிக்கும்."

ஒரு லாரிக்காரர் உள்ளேயே வந்துவிட்டார். லோடு இருக்கா, இல்ல வேற பிளாண்டுக்குப் போவட்டுமா என்று வாசலில் நின்று கேட்டார். ஜெகநாதன் அவரைப் பார்த்தார், ஆஸ்மாவைப் பார்த்தார், மேஜையில் இருந்த சீலைப் பார்த்தார். அவர் மனம் மாறியதாக யாரும் நினைக்க வேண்டாம். லாரி வரிசை மாறிவிடக் கூடாதே என்பதுதான்.

"இன்னா வேணும் சொல்லு."

"என் வேலை வேணும். இன்னிக்கு எல்லார் முன்னாலயும் மைக்ல சொன்னீங்களே, உங்களுக்குப் புடிக்கலன்னா அப்டின்னு. அத அதே மைக்ல திருப்பி எடுத்துக்கணும். ஜனம் இன்னும் நடந்துகினுதான் கீது. அப்புறம் அந்த டீய நான் இப்ப அறுக்கப் போறேன். சீல் குழாய்ல இனிமே என்னத் தவிர எவனும் கை வெக்கக் கூடாது."

"அறுத்துக்கோ" என்றார்.

"மைக் சார்."

"பல்லு கூசுதும்மா. நாளைக்குப் பேசறேன்."

"லாரியும் நாளைக்கு வரட்டும்" என்று அவள் வாசலில் நின்றவரிடம் திரும்பினாள்.

ஜெகநாதன் எழுந்து மேடைக்குப் போனார். ஸ்பீக்கரில் ஒரு இருமல், ஒரு கரகரப்பு, அப்புறம் காலையில் தவறுதலாக ஒரு வார்த்தை வந்துவிட்டதாக, யாரையும் சொல்லவில்லை என்பதாக, ஏதோ முனகல். சொன்ன வேகத்தில் பாதி புரியவில்லை. காலையில் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் புரிந்திருந்தது. அவள் அதையும் கவனித்தாள்.

பிறகு குழாய் அறுக்கிற ஆக்ஸா பிளேடை எடுத்துக்கொண்டு போர் பக்கம் போனாள். குணசேகரன் பின்னாலேயே வந்தார். சாம்பல் காய்ந்து அவர் வேட்டி அட்டை மாதிரி விறைத்திருந்தது.

"புடிங்க சார்" என்று குழாயின் ஒரு முனையைக் காட்டினாள். "ஆடாம புடிங்க."

"மொதலாளி சொன்னாரா?"

கேட்டபடியே அவர் பிடித்துக்கொண்டார். அவள் பிளேடை வைத்து இழுத்தாள். குழாயில் தங்கியிருந்த கூழ் அவர் மேலேயே வடிந்தது. காலையிலிருந்து அவள் விழுங்கியது எல்லாம் கையில் வந்து சேர்ந்திருந்தது. குழாய் இரண்டாகி, ஒரு துண்டு குணசேகரன் கையோடு போய்விட்ட பிறகும், பிளேடு வெறும் காற்றில் இன்னும் இரண்டு இழுப்பு போய் வந்தது.